பழைய ஆங்கிலம் படிக்கப் பத்துக் குறிப்புகள்

கிங் ஜேம்ஸ் பைபிளிலோ ஷேக்ஸ்பியர் நாடகத்திலோ 'தௌ', 'ஹாத்' என்று வந்தால் மிரள வேண்டாம். இன்றைய ஆங்கிலம் கைவிட்ட பல இலக்கண வசதிகள் தமிழில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே படித்துவிடலாம்.

1. டி, எச், ஓ, யூ என்று எழுதும் 'தௌ' என்றால் 'நீ'. 'தீ' என்றால் 'உன்னை' அல்லது 'உனக்கு'. 'தை' என்றால் 'உன்'. 'தைன்' என்றால் 'உன்னுடையது'.

2. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'தை'க்குப் பதிலாகவும் 'தைன்' வரும். 'உன் வீடு' என்பது 'தை ஹவுஸ்'. 'உன் கண்கள்' என்பது 'தைன் ஐஸ்'. 'என் கண்கள்' என்பதும் இதே முறையில் 'மைன் ஐஸ்' ஆகும்.

3. 'யீ' என்றால் 'நீங்கள்'. 'யூ' என்றால் 'உங்களை' அல்லது 'உங்களுக்கு'. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் இந்தப் பிரிவைப் பெரும்பாலும் காக்கிறது. பேச்சு ஒருவரிடமா பலரிடமா என்று குழம்பினால் அதைப் பாருங்கள். இன்றைய 'யூ' இதைக் காட்டாது.

4. கடைப் பலகைகளில் வரும் 'யீ ஓல்ட்' என்பதில் உள்ள 'யீ' வேறு. அது வெறும் 'தி'. 'த' ஒலிக்கு முன்பு இருந்த 'தார்ன்' என்ற எழுத்து, கையெழுத்தில் 'ஒய்' போலத் தோன்றியது. அச்சுக்காரர்களும் 'ஒய்' எழுத்தையே கோத்தார்கள். படிக்கும்போது 'தி' என்றே படியுங்கள்.

5. வினையின் விகுதியைப் பாருங்கள். 'எஸ்ட்' என்று முடிந்தால் 'வருகிறாய்' போல முன்னிலை: 'தௌ கமெஸ்ட்'. 'எத்' என்று முடிந்தால் 'வருகிறான், வருகிறாள், வருகிறது' போலப் படர்க்கை: 'ஹி கமெத்'. கேலிக்காகப் பழைய நடையில் பேசுபவர்கள் 'ஐ கமெத்' என்பார்கள், அது பிழை. 'ஐ' என்பதற்கு இந்த இரு விகுதியும் கிடையாது.

6. குறுகிப்போன வடிவங்களை மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது. 'தௌ'வுடன் வருபவை: ஆர்ட் (இருக்கிறாய்), ஹாஸ்ட் (உனக்கு உண்டு), டஸ்ட் (செய்கிறாய்), வில்ட் (செய்வாய்), ஷால்ட் (செய்யக்கடவாய்), கான்ஸ்ட் (உன்னால் முடியும்). இங்கே 'ஆர்ட்' கலை அல்ல. 'வில்ட்' வாடுவதும் அல்ல. படர்க்கைக்கு 'ஹாத்', 'டத்'.

7. 'தௌ' என்பதை மரியாதைச் சொல்லாக எண்ணாதீர்கள். மேலோரை 'யூ' என்று அழைப்பதே வழக்கமாக இருந்தது. 1603இல் வால்டர் ராலே மீதான தேசத்துரோக வழக்கில், அரசுத் தலைமை வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை 'தௌ' என்று விளித்தே அவமதித்தார். குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரோ, எல்லோரும் சமம் என்று நீதிபதிகளையும் அப்படியே அழைத்து, அவர்களின் கோபத்துக்கு ஆளானார்கள். கடவுளை 'தௌ' என்பது நம் அடியார்கள் இறைவனை 'நீ' என்பது போன்ற நெருக்கம்.

8. இ, அ, எ என்ற நம் சுட்டு, வினா எழுத்துகளைப் போல இவற்றையும் வரிசையாகப் பழகுங்கள். ஹிதர், திதர், விதர்: இங்கு, அங்கு, எங்கு நோக்கி. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்: இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. 'வேர்ஃபோர்' மட்டும் 'எங்கே' அல்ல, 'ஏன்'. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் மாடக் காட்சியில் இச்சொல்லைச் சொல்லும் ஜூலியட், ரோமியோவைத் தேடவில்லை. பகைக் குடும்பத்துப் பெயர் அவனுக்கு ஏன் வாய்த்தது என்று நொந்துகொள்கிறாள்.

9. 'மீதிங்க்ஸ்' என்பதை 'நான் நினைக்கிறேன்' என்று பிரிக்காதீர்கள். 'எனக்குத் தோன்றுகிறது' என்பதே சரி. அதில் உள்ள 'மீ' நம் நான்காம் வேற்றுமைதான். இறந்த காலத்துக்கு 'மீதாட்'.

10. 'லாங் லிவ் தி கிங்', 'காட் பிளெஸ் யூ' போன்ற தொடர்களில் வினைக்குப் பின் 'எஸ்' இல்லையே என்று திருத்தப் போகாதீர்கள். இவை நம் வியங்கோள்: 'வாழ்க', 'ஆசி வழங்குக'. 'கம் வாட் மே' என்பதும் அப்படித்தான்: 'வருவது வரட்டும்'.

பாடத்தில் இப்படி ஒரு வரி வந்தால் முதலில் விகுதியைப் பார்த்து ஆள் யார் என்று கண்டுபிடியுங்கள். பிறகு பொருளுக்குப் போங்கள்.