முன்குறியும் பின்குறியும்

2024ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் பாரீஸ் ஒலிம்பிக்கில், மகளிர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் மனு பாக்கர் வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், போட்டியின் நடுவே துப்பாக்கி பழுதுற்றதால் நேரத்தை இழந்து, இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெறாமல் திரும்பியவர் அவர். பாரீஸில் அவர் பெற்றவை 221.7 புள்ளிகள். இன்னும் 0.1 புள்ளி கூடுதலாக இருந்திருப்பின், இரண்டாம் இடத்திலிருந்த கொரிய வீராங்கனையோடு சமநிலை எய்தியிருப்பார். இலக்கில் அந்த 0.1 புள்ளியின் அளவு 0.8 மில்லிமீட்டர்!

இத்துணை நுண்மையை அடைய அவ்வீரர்களுக்குத் தொலைநோக்கியோ ஒளிக்கதிரோ துணையில்லை. கைத்துப்பாக்கிப் போட்டி விதிகள் அவற்றை அனுமதிப்பதில்லை. குழலின் முனையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தகடும், பின்புறத்தில் சதுரப் பள்ளமுடைய மற்றொரு தகடுமே துணை. முன்னதை முன்குறி என்றும் பின்னதைப் பின்குறி என்றும் கூறலாம். பின்குறியின் பள்ளத்திற்கு நடுவே முன்குறி நிற்க வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். முன்குறியின் இருபுறமும் சம அளவில் ஒளி தெரிய வேண்டும்.

இதன் காரணத்தைக் கணக்கே விளக்கும். இரு குறிகளுக்கும் இடையே 30 செ.மீ. தொலைவு இருப்பதாகக் கொள்வோம். முன்குறி நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 33 மி.மீ. விலகிப் பாயும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 11.5 மி.மீ. மட்டுமே! ஆனால் இரு குறிகளும் ஒத்திருக்க, துப்பாக்கி முழுவதும் பக்கவாட்டில் 3 மி.மீ. நகர்ந்தால், குண்டும் 3 மி.மீ. அளவே விலகும். எனவே, கை சற்றே அசைவதைவிடக் குறிகள் ஒவ்வாதிருப்பதே பெரும்பிழை.

மனிதக் கண் ஒரே நேரத்தில் அண்மைப் பொருளையும் சேய்மைப் பொருளையும் தெளிவாகக் காண இயலாது. சிவாஜிநகர்ப் புனித மரியன்னை பேராலயத்தின் கோபுரத்தை நோக்கிக் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடி விரலை உற்றுநோக்கினால் கோபுரம் மங்கும். கோபுரத்தை நோக்கினால் விரல் மங்கும். தேர்ந்த வீரர் முன்குறியையே தெளிவாகக் காண்பார். இலக்கு மங்கலாக இருக்க விட்டுவிடுவார். கரிய இலக்கின்மேல் கரிய முன்குறி தெரியாதாகையால், இலக்கிற்குக் கீழேயுள்ள வெண்பகுதியில் குறிவைப்பார்.

குறிகளைச் செம்மைப்படுத்தவும் முறை உண்டு. ஒரே குண்டைக் கண்டு திருத்தலாகாது. ஐந்து குண்டுகள் சுட்டு, அவை கூடும் இடத்தைக் காண வேண்டும். அவை இடப்புறம் கூடினால் பின்குறியை வலப்புறம் நகர்த்த வேண்டும்; கீழே கூடினால் பின்குறியை உயர்த்த வேண்டும். பளபளக்கும் முன்குறி கண்ணை ஏமாற்றும். ஆதலால் கார்பைடு விளக்கின் புகைக்கரியைப் பூசி அதன் பளபளப்பை நீக்குவதும் உண்டு.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் 2019இல் உலகக்கோப்பைத் தங்கம் வென்றவர். அவரது நீள்துப்பாக்கியின் பின்குறி ஒரு சிறு துளை. அதிலும் விதி ஒன்றே: முதலில் கண்ணும் குறிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். வேற்று மாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண் உலகின் முதல் வரிசையில் நின்றது, இவ்வகையான பொறுமைப் பயிற்சியால்தான்.

இவ்விளையாட்டைப் பயிற்சியாளர் மேற்பார்வையில், உரிய பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கற்க வேண்டும்.

சொற்பொருள்
நுண்மை – மிகச் சிறிய அளவு
சேய்மை – தொலைவு
ஒவ்வாதிருத்தல் – பொருந்தாதிருத்தல்

பயிற்சி
1. குறிகள் ஒவ்வாதிருப்பது கை அசைவதைவிடப் பெரும்பிழை ஆவது ஏன்?
2. இரு குறிகளுக்கும் இடையே 40 செ.மீ. இருந்தால், 1 மி.மீ. விலகலால் குண்டு எவ்வளவு விலகும்?
3. குறி, குறிப்பு, குறிக்கோள் – இச்சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைக்க.
4. எதிர்ச்சொல் எழுதுக: அண்மை, தெளிவு, முன்.