மரக்கட்டையைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் தாத்தா காலத்து .315 ரைபிளைக் கடைக்குக் கொண்டுவந்திருப்பதாகவும், மரத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு ஃபைபர் கட்டை போடச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். எடை குறைய வேண்டுமாம். லைசென்ஸ் உள்ள கடையில் தொழில் பழகுகிறவன் நீ. இந்த வேலை இனி அடிக்கடி வரும். செய்யலாமா என்றால், செய்யலாம். எடைக்காக மட்டும் செய்யாதே என்பதுதான் என் கருத்து.

கையில் இருப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள். .303 ராணுவத் தோட்டா, பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் அதே லீ-என்ஃபீல்டு உடம்பில், ஆஸ்திரியாவின் பழைய மேன்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்ற குழலைப் பொருத்தி வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை செய்ததுதான் .315. ஆக, அது ராணுவத் துப்பாக்கியின் எலும்புக்கூடு. அதன் கட்டை ஒரே துண்டு கிடையாது. பின்கட்டை தனி, முன்கட்டை தனி. நடுவில் இரும்பு சாக்கெட். மற்ற போல்ட் ரைபிள்களில் கட்டை மாற்றிப் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

எடைக்கு வருகிறேன். தோட்டாவும் மருந்தும் மாறப்போவதில்லை. மூன்றரைக் கிலோ துப்பாக்கியில் அரைக் கிலோவை எடுத்தால், உதையின் ஆற்றல் ஆறில் ஒரு பங்கு கூடும். தோட்டக்காரரிடம் இதைக் கணக்கோடு சொல். உதையைத் தோள் எப்படி வாங்குகிறது என்பதில் கட்டையின் வடிவத்துக்கும் பெரிய பங்கு உண்டு. நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளெல்லாம் 1965 வரை சேலம் மாவட்டம்தான். அந்தப் பக்கம் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது 1895 மாடல் வின்செஸ்டர், .405. உதைக்குப் பேர்போன துப்பாக்கி அது. தோட்டா பெரிது என்பது பாதிக் காரணம். பின்கட்டை கீழே இறங்கும் விதமும் தோளில் குத்தும் குறுகிய இரும்புப் பட்டையும் மீதிக் காரணம்.

இன்னொன்றையும் கேள். இந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க மலையேறப் போவது யார்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக் காலம் மெல்ல முடிந்துவிட்டது. காட்டுப்பன்றி விஷயத்தில்கூட, 2025-ல் தமிழ்நாடு அரசு செய்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை வனத்துறையின் பயிற்சி பெற்றவர்கள்தான் சுடலாம். தோட்டக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. இன்று இந்த ரைபிள் பெரும்பாலும் இரும்பு அலமாரியில் இருக்கிறது. எப்போதாவது ரேஞ்சுக்குப் போகிறது. தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுகிறது. இதில் அரைக் கிலோவால் யாருக்கு என்ன லாபம்?

ஃபைபர் கட்டைக்கு நியாயமான காரணம் வேறு இருக்கிறது. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வீங்கும், கோடையில் சுருங்கும். சித்திரை வெயிலில் ஒரு அளவு, ஐப்பசி மழையில் ஒரு அளவு. குழலின் மேல் மரம் தரும் அழுத்தம் அதற்கேற்ப மாறும்; குறியும் நகரும். அமெரிக்காவில் பெஞ்சில் வைத்துச் சுடும் போட்டிக்காரர்கள் கண்ணாடியிழைக் கட்டைக்குப் போனதற்கு எடை ஒரு காரணம், இந்த நகர்வு இன்னொரு காரணம். எண்ணெய் இன்னொரு எதிரி. துப்பாக்கியை வாய் மேலே இருக்கும்படி பல வருஷம் சாத்தி வைத்தால், பூசிய எண்ணெயெல்லாம் கீழே இறங்கி ஆக்‌ஷனுக்குப் பின்னாலுள்ள மரத்தில் ஊறும். அந்த இடத்து மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் அளவுக்கு இளகிப்போயிருக்கும். அப்படி ஆகியிருந்தால் கட்டை மாற்றுவதில் தப்பில்லை. வெறும் பிளவு என்றால் முதலில் ஒட்டிப் பார். நல்ல வால்நட் மரத்தைப் பிளவுக்காகத் தூக்கிப் போடுவது எனக்கு மனசே வராத காரியம்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. மேகசினையும் சேம்பரையும் காலி செய்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே கருவியைத் தொடு. அடுத்து, முன்கட்டையை முதலில் கழற்று. இதை மறக்காதே. பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டின் முனை, லீ-என்ஃபீல்டின் பழைய நெ.1 வரிசையில் (இந்த .315-ன் உடம்பு அதுதான்) சதுரமாக இருக்கும். அது முன்கட்டைக்குள் பதித்த சின்னத் தகட்டில் உட்கார்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே பின்னாலிருந்து ஸ்குரூடிரைவரை விட்டுத் திருப்பினால் அந்தச் சதுரம் சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். எத்தனையோ நல்ல முன்கட்டைகள் இப்படித்தான் வீணாகியிருக்கின்றன.

கழற்றிய முன்கட்டையைக் கவிழ்த்து உள்பக்கம் பார். பின்முனைக்குக் கொஞ்சம் முன்னால், இடப்புறமும் வலப்புறமும் இரண்டு சின்ன முகங்கள் தெரியும். சுண்டுவிரல் நகம் அளவுதான். முன்கட்டையில் விழும் உதையையெல்லாம் வாங்குவது அந்த இரண்டு முகங்கள்தான். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் இரும்பைத் தொட வேண்டும். அதே சமயம் முன்கட்டையின் கடைசி விளிம்பு பின்னாலிருக்கும் சாக்கெட்டைத் தொடவே கூடாது. மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். முகங்கள் தேய்ந்தால் விளிம்பு சாக்கெட்டில் மோதும், நடுவில் பிளவு விழும். உன் தோட்டக்காரரின் துப்பாக்கியிலும் பிளவு இருந்தால் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை உள்நாட்டுக் கோச்வுட் மரத்துக்கு மாறியபோது இந்த முகங்களில் செம்புத் தகடு வைக்க வேண்டி வந்தது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கட்டையிலோ, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தட்டும் என்று இந்த இடத்தைத் தாராளமாக விட்டிருப்பார்கள். நெ.4 வரிசைக்குச் செய்த முன்கட்டையைக் கொடுத்து "இதுவும் லீ-என்ஃபீல்டுதான்" என்பார்கள், வாங்காதே, நெ.1 உடம்புக்கு அது சேராது.

பொருத்திப் பார்க்க விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லப் பூசு. கட்டையில் உட்காரவைத்துத் தட்டு, எடு. கரி ஒட்டிய இடம்தான் தொடும் இடம். அதை மட்டும் சுரண்டு, மறுபடி உட்காரவை. பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் முழுத் தொழிலும் இதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் சுரண்டியதை மரத்தைப் போல ஒட்டி மீட்க முடியாது, ஆகவே இன்னும் மெதுவாகப் போ.

இடைவெளியை நிரப்ப எபாக்சி வேண்டும். நாமக்கல் லாரி பாடி பட்டறைகளில் ஃபைபர் வேலைக்கு ரெசின் சுலபமாகக் கிடைக்கும் என்று அதை எடுத்துவிடாதே. பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கனஅளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும்; இங்கே நமக்கு வேண்டியது சுருங்காத பொருள். எபாக்சியிலும் கவனம் தேவை. சாதாரண வெப்பத்தில் இறுகும் வகைகள் பல 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். மே மாதம் சேலத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்தச் சூடு வரும். வெப்பம் தாங்கும், இரும்புத் தூள் கலந்த வகையாகப் பார்த்து வாங்கு. இரும்பில் பிரிப்பு மெழுகு பூசாமல் ஊற்றினால் துப்பாக்கியும் கட்டையும் ஒன்றாகிவிடும். ஓட்டைகளையெல்லாம் களிமண்ணால் அடைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

ட்ரிகர் கார்டின் முன் திருகைச் சுற்றி ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்கும். திருகை முடுக்கும்போது இரும்போடு இரும்பு முட்டி நிற்கச் செய்வது அது. கட்டை நசுங்காமலிருப்பது அதனால்தான். பழைய கட்டையிலிருந்து மறக்காமல் எடுத்துப் புதியதில் போடு. இல்லையென்றால் ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் பிளாஸ்டிக் கொஞ்சம் நசுங்கும்.

பின்கட்டையின் நீளத்தை ஆளைப் பார்த்து முடிவு செய். பழைய ராணுவக் கட்டைகளே ஒரே அளவில் வரவில்லை. சாதாரண அளவைவிட அரை அங்குலம் குறைவு, அரை அங்குலம் கூடுதல், குள்ளமான சிப்பாய்களுக்கு ஒரு அங்குலம் குறைவு என்று செய்து, எஸ், எல், பி எழுத்துகளைக் கட்டையில் குத்தினார்கள். நம் ஆட்கள் பலருக்குச் சின்ன அளவே சரி. தோட்டக்காரரைத் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொல், கண்ணை மூடச் சொல், திறக்கச் சொல். குறிமுனை நேராகத் தெரியாவிட்டால் கட்டை அவருக்குச் சேரவில்லை. ரப்பர் பட்டையையும் அப்போதே பொருத்திவிடு. கனமாக இருக்கிறது என்ற அவருடைய குறை, அநேகமாக நீளம் ஒத்துவராததால் வந்ததாக இருக்கும்.

சட்டத்தில் கவனமாக இரு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கவே லைசென்ஸ் வேண்டும். வேலை கடைக்குள்தான் நடக்க வேண்டும். இரவில் வீட்டுக்கு எடுத்துப்போய் முடிக்கலாம் என்று நினைக்காதே. உரிமையாளரின் லைசென்ஸில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுது. கட்டை மாற்றும் சாக்கில் இரும்பிலுள்ள எண் மேல் அரம் படக் கூடாது. அடையாளக் குறியை அழிப்பது தனிக் குற்றம். சுட்டுப் பார்ப்பது ரேஞ்சில் மட்டும். முதல் சில தோட்டாக்களுக்குப் பிறகு திருகுகளைச் சோதி, பிறகு முன்கட்டையைக் கழற்றி அந்த இரண்டு முகங்களிலும் எபாக்சி உடைந்திருக்கிறதா என்று பார்.

பழைய மரத்தை எரிக்கவோ கடையில் போட்டுவைக்கவோ வேண்டாம். அதன் தகடு, திருகு எல்லாவற்றோடும் கட்டி உரிமையாளரிடமே கொடுத்துவிடு. அவர் பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள்.

இப்போதைக்கு எதையும் ஆர்டர் செய்யாதே. முன்கட்டையைக் கழற்றி, உள்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. எண் தெரியாமல் எடு. பிளவு இருந்தால் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, மரம் எண்ணெயில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்த்து, ஒட்டலாமா மாற்றலாமா என்று அன்றைக்கே சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்