வறுமை ஒழிந்தால் குற்றம் ஒழியுமா?

கேள்வி: எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டால் திருட்டு, கொலை எல்லாம் நின்றுவிடும்தானே?

பதில்: அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவையே பாருங்கள். 1960-களில் அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்தப் பத்தாண்டுகளில் வழிப்பறி விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. 2009-இல் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் அந்த ஆண்டில் கொலை, கொள்ளை, திருட்டு எல்லாமே குறைந்தன! கையில் காசில்லாதவரெல்லாம் கத்தியைத் தூக்குவதில்லை. பாதியில் படிப்பை விட்ட பையன், தெருமுனையில் கஞ்சா, கூப்பிடு தூரத்தில் பணக்காரர்களின் பங்களா, எட்டிப் பார்க்காத போலீஸ்... இவை ஒன்றுசேரும் இடத்தில்தான் வினை.

இன்னொன்று, புகாரைத் தட்டிக் கழிக்காமல் பதிவு செய்யும் ஊரில் வழக்குகள் கூடுதலாகத்தான் தெரியும். ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் கொலைக் கணக்கைப் பாருங்கள். பிணத்தை மறைப்பது அத்தனை சுலபமில்லை!