அளவெடுத்துத் தைக்கும் செயலிகள்

பெருநாளைக்குக் கடையில் தொங்கும் உடுப்பை வாங்குவதற்கும், தையற்காரியிடம் அளவு கொடுத்துத் தைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். கையடக்கத் தொலைபேசிச் செயலிகள் பலவும் இப்போது இரண்டாவது வகைக்கு மாறிவிட்டன. எல்லோருக்கும் ஒரே சேவையை நீட்டாமல், ஆளுக்கு ஏற்ப மாற்றித் தருகின்றன. இதைத் தனிப்பயனாக்கம் என்பர். சுற்றுலாவிலும் மருத்துவத்திலும் இது எவ்வாறு நடக்கிறது, எதுவரை இதை நம்பலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

அளவெடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, வயது, மொழி, நோய், மருந்து என்று நாமே சொல்வது. மற்றையது, எங்கே போகிறோம், எதைத் தேடுகிறோம் என்று பார்த்துச் செயலி தானே ஊகிப்பது.

சுற்றுலாவில் ஊகம் நன்றாகவே வேலை செய்கிறது. தொலைபேசி குறைந்தது 4 செய்மதிகளின் சமிக்ஞைகளைப் பெற்றுத் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. எல்ல புகையிரத நிலையத்தில் இறங்கும் ஒரு வெளிநாட்டவருக்கு அருகிலுள்ள தங்குமிடங்களை வரைபடச் செயலி காட்டும். அதே மேடையில் நிற்கும் நாம் தேடினால் ஹலால் உணவகமும் பள்ளிவாசலும் வரும். மலைநாட்டில் சமிக்ஞை அறுந்துபோகும் இடங்கள் அதிகம் என்பதால் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு போவது நல்லது. ஊகம் பிழைத்தாலும் நட்டம் பெரிதல்ல. ருசியில்லாத கொத்து ரொட்டியோடு போய்விடும்.

மருத்துவம் அப்படியல்ல. நீரிழிவை எடுத்துக்கொள்வோம். கையில் ஒட்டப்படும் சிறிய உணரிகள் சில, 5 நிமிடத்திற்கு ஒருமுறை சீனியின் அளவைப் புளூடூத் வழியே தொலைபேசிக்கு அனுப்புகின்றன. அவை விலை கூடியவை. நம் வீடுகளில் பெரும்பாலும் விரலில் குத்திப் பார்த்த அளவைக் கையால் பதியும் செயலிகளே உள்ளன. மருந்து நேரத்தையும் அவை ஞாபகப்படுத்தும்.

ரமழான் வந்தால்தான் அவற்றின் உண்மையான சோதனை. காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஒலிக்கும் மணி நோன்பாளிக்கு உதவாது. மருந்து ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற வேண்டும்; அந்நேரங்களோ நாளுக்கு நாள் சற்று நகரும். மணியை நகர்த்துவது செயலிக்கு இலகு. ஆனால் சிலருக்கு மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். சிலர் நோன்பு பிடிக்கவே கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். இந்த இரண்டு எண்களையும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம், உம்மும்மாவுக்காக.

உம்மும்மாவுக்கென்று தனியாகத் தொலைபேசி இல்லை. அவரது சீனிக் கணக்கு உம்மாவின் தொலைபேசியில்தான். ஒரு நாள் அந்தச் செயலி, 9,000 அடிகள் நடந்ததற்காக உம்மும்மாவைப் பாராட்டியது! முழங்கால் வலியோடு அறைக்கும் வுழூச் செய்யும் இடத்துக்கும் மட்டும் நடந்தவர் அவர். சந்தைக்கும் பாடசாலைக்கும் ஓடியது உம்மா. நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்த அடிகளை வைத்து, "இவர் நன்றாக நடக்கிறார்" என்று செயலி ஆலோசனை சொல்லத் தொடங்கினால் அது சிரிக்கும் விடயமல்ல. ஒரு தொலைபேசிக்கு ஒரே ஆள் என்பது அதனைச் செய்தவர்களின் எண்ணம். நம் வீடுகளில் ஒரு தொலைபேசிக்கு நான்கு பேர். ஆகவே மருத்துவத்தில் செயலி ஊகித்ததை விட, நாம் சொல்லிக் கொடுத்ததையே நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

சொல்லிக் கொடுப்பதிலும் கவனம் தேவை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், உடல்நலத் தரவுகளை விசேட வகையில் சேர்த்துள்ளது. மருந்து நேரத்தைச் சொல்ல வந்த செயலி எதற்காக நம் தொடர்பு இலக்கங்களைக் கேட்கிறது? காரணம் தெரியாவிட்டால் மறுத்துவிடலாம். (பெரும்பாலானோர் வாசிக்காமலே 'ஆம்' என்று தட்டுகிறார்கள், எங்கள் வீட்டில் தம்பி.)

பயணமும் நோயும் ஒன்றுசேரும் இடங்களும் உண்டு. 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசமானது. ஊரின் பெயர் தெரியாத பயணி ஒருவரால் வழி சொல்ல முடியாது. அவர் நிற்கும் இடத்தைத் தொலைபேசியே அனுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உம்ராப் பயணம் இன்னொன்று. மதீனாவில் ரவ்ழாவுக்குச் செல்ல நுசுக் செயலியில் முன்பதிவு செய்ய வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வெவ்வேறு. உம்மும்மா போகவிருப்பதால் இதற்காகவே ஒரு பழைய தொலைபேசியை அவருக்குக் கொடுக்கிறோம். பூட்டிய திரையிலேயே தெரியும்படி அவசரத் தகவலைப் பதிந்துவிட்டேன்: நீரிழிவு, குடிக்கும் மருந்துகள், குருதி வகை, வாப்பாவின் இலக்கம். அதையே ஆங்கிலத்திலும் அரபியிலும் ஒரு அட்டையில் எழுதி அவரது கைப்பையிலும் வைத்திருக்கிறேன். பேட்டரி இறங்கிவிட்டால் அட்டைதான் பேசும்.