பிடி கைக்கு உரியது

கல்முனைக்குடி

அன்புள்ள மகனுக்கு,

 

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவாப்பாவின் அறுவைக் கத்தியிலே பிடிப்பலகைகள் இரண்டும் வெடித்துப் போயினவென்றும், வருகிற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்பே அவற்றை மாற்றிவிட வேண்டுமென்றும், மான்கொம்பு அழகா கருங்காலி அழகா என்பதிலே உன் சித்தம் நிலைகொள்ளாமல் இருக்கிறதென்றும் எழுதியிருந்தாய். அழகை விசாரிப்பதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால், பிடிக்கப்போகும் கை எத்தகையது, செய்யப்போகும் வேலை எத்தகையது, அவ்விரண்டுக்கும் ஏற்ற பொருள் எது என்னும் மூன்று விஷயங்களுக்கும் விடை கண்ட பின்னர் நாலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி அது.

அறுக்கப்படும் பிராணிக்கு வேதனை குறையும்படி அலகை நன்றாகத் தீட்டிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். அந்தப் போதனையை நினைவிற்கொண்டு பெருநாள் நெருங்க நெருங்க நம்மூரவர் அலகைத் தீட்டுவதிலே காட்டும் சிரத்தையைப் பிடியிலே காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. எத்தனை கூர்மையான அலகானாலும், ஈரக்கையிலே பிடி புரண்டுவிடுமானால், வெட்டு கோணிப் பிராணியும் வருந்தும். அறுப்பவன் விரலும் அறுபடும். ஆகையால் உறுதியான பிடியும் இரக்கத்தின் ஓர் அங்கமே என்பது என் அபிப்பிராயம்.

கத்திகளின் அமைப்பு இருவகை. அலகின் வால் ஒடுங்கி மரத்துக்குள்ளே செருகப்பட்டு, வாய்ப்புறத்திலே பூண் இறுக்கப்பட்டது ஒன்று. வால் பிடியின் முழு உருவமாகவே நீண்டிருக்க, இருபுறமும் பலகை வைத்துத் தறையாணி அடித்தது மற்றொன்று. உன் கையிலிருப்பது இரண்டாவது வகை. 1911ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சேனை ஏற்றுக்கொண்ட கோல்ட் கைத்துப்பாக்கிக்கும் இதே அமைப்புத்தான்: நடுவே உருக்குச் சட்டம், இருபுறமும் இரண்டிரண்டு திருகாணிகளால் பொருத்திய வால்நட் மரப் பலகைகள். இரண்டாம் உலக யுத்த காலத்திலே மரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது, அமைப்பு மாறவில்லை.

முதலிலே அலகைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டிவிடு. பிறகு தறையாணிகளின் தலையை அரத்தால் அராவி, மெல்லத் தட்டி வெளியேற்று. பலகையை நீக்கியதும் வாலின் மேல் துரு படிந்திருப்பதைக் காண்பாய். வெடிப்பு வழியே இறங்கிய ஈரம் வருஷக்கணக்காக மறைவிலே செய்த வேலை அது. அதைச் சுரண்டித் துடைக்கலாமேயன்றி, பழைய பிசினை எரித்துவிடலாமென்று நெருப்பிலே காட்டலாகாது. துலக்கிய உருக்கின் மேல் வைக்கோல் நிறம் தோன்றிப் பின் நீலம் படருமானால், கம்மாலையிலே கொல்லர் ஏற்றிய பதம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்.

இனிக் கையைக் கவனி. பிடியின் நீளம் நான்கு விரல்களின் அகலத்தைவிடச் சற்றே கூடியிருக்க வேண்டும். குறைந்தால் பிடியின் அடிமுனை உள்ளங்கையின் நடுவே அழுத்தி, சிறிது நேரத்துக்குள் கையை நோகச் செய்யும். பொத்திப் பிடிக்கும்போது விரல்நுனிகள் உள்ளங்கையை ஏறக்குறையத் தொடவேண்டும். நகம் சதையிலே பதியுமானால் பிடி மெலிது. விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே அதிக வெளி இருக்குமானால் தடிப்பு. குறுக்குவெட்டு உருண்டையாக இருத்தல் ஆகாது. முட்டை வடிவமாக இருப்பின், கண்ணால் நோக்காமலே கூர் எப்பக்கம் இருக்கிறதென்று கை அறியும். மூத்தவாப்பாவின் கை பெரிது. உன் கை சிறிது. அவருடைய பழைய பலகையை அச்சாக வைத்துப் புதியதைச் செதுக்குவது அவருக்குப் பிடி செய்வதாகுமேயன்றி உனக்குச் செய்வதாகாது.

அடுத்தது வேலை. கைத்துப்பாக்கிப் பலகைகளிலே குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சிறு சிறு சாய்சதுரங்களை எழுப்பியிருப்பார்கள். வியர்த்த கை வழுக்காதிருப்பதற்கு அது உகந்த உபாயம். இறைச்சிக் கத்திக்கோ அது பெருங்கேடு. கொழுப்பும் இரத்தமும் அந்தக் கீறல்களுக்குள் உறைந்து, எவ்வளவு கழுவினாலும் போகாமல் துர்நாற்றத்துக்கும் நோய்க்கும் இடமாகிவிடும். எனவே சொரசொரப்பினால் கிடைக்கவேண்டிய பிடிமானத்தை வடிவத்தினாலேயே பெறவேண்டும்: ஆட்காட்டி விரல் அலகின் மேல் நழுவாதபடி முன்னே ஒரு சிறு மேடு, சிறுவிரலுக்குப் பின்னே கீழ்நோக்கி வளைந்த ஒரு கொக்கி, நடுவே மெல்லிய வயிற்றுப்புடைப்பு. இவை அமைந்தால் வழுவழுப்பான பலகையும் கையிலே நிலைக்கும்.

பொருளுக்கு வருவோம். மான்கொம்பையும் மரைக்கொம்பையும் மறந்துவிடு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்த வியாபாரத்துக்கு இடந்தருவதில்லை. தந்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கைப்பற்றிய 359 தந்தங்களை 2016 ஜனவரியிலே கொழும்பு காலிமுகத்திடலில் அரசாங்கமே நசுக்கி அழித்தது. எருமைக்கொம்பு ஆகுமானது, நம் பக்கத்திலே கிடைப்பதுமாகும். கொதிநீரில் இளக்கித் தட்டையாக்கலாம். கரிய பளபளப்பும் உண்டு. ஆயினும் வறட்சியிலே சுருங்கி வெடிப்பதும், பூச்சிக்கு இரையாவதும் அதன் சுபாவம்.

மரத்திலே முதிரை பொன்போல் மின்னும். ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலிலே தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். பாலை இரும்புக்கு நிகரான உரமுடையது, உலரும்போது பிளந்துபோகும். கருங்காலி காட்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பழைய தளபாடத்தின் உடைந்த துண்டு கிடைத்தாலன்றி அதை நாடாதே. என்னைக் கேட்டால் புளியின் வைரத்தை முதலாவதாகவும், கரையோரத்திலே உப்புக் காற்றைக் குடித்து வளரும் பூவரசின் வைரத்தை இரண்டாவதாகவும் சொல்வேன். இறைச்சிக் கடைகளிலே நாள்தோறும் வெட்டைத் தாங்கிநிற்கும் கட்டை புளிதானே! ஆனால், வெளிறிய புறமரத்தை எடுக்காதே. அது பூச்சி விழும் பகுதி. நடுவே கருஞ்சிவப்பாக இருக்கும் வைரமே வேண்டும். கடையிலே தினந்தோறும் உழைக்கும் கத்தியானால், துணியைப் பிசினிலே தோய்த்து அழுத்திச் செய்யும் மைக்கார்ட்டா மரத்தைவிட மேலானது. ஈரத்துக்கு அது அசையாது.

மரம் நீளவாட்டிலே சுருங்குவது மிகச் சொற்பம், குறுக்குவாட்டிலேயே அதிகம். ஆகவே ரேகை பிடியின் நீளத்தோடு ஓடவேண்டும். இரண்டு பலகைகளும் ஒரே கட்டையிலிருந்து பிளந்தவையாக இருக்கவேண்டும். மாரியிலே ஈரம் குடித்த மரத்தை அப்போதே பொருத்தினால், கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் பலகை சுருங்கி, உருக்கின் விளிம்பு வெளியே துருத்தி உன் கையை உறுத்தும். பலகையாக அறுத்த மரத்தை நிழலிலே பல மாதங்கள் உலரவிட்டுப் பிறகே கையிலெடு.

பொருத்தும்போது வாலையே அச்சாக வைத்து ஒரு பலகையைத் துளையிட்டு, அதன் பின்னர் மற்றதைத் துளையிடு. அலகை நோக்கியிருக்கும் முன்முனைகளை ஒட்டுவதற்கு முன்பே இழைத்து முடித்துவிடு. ஒட்டியபின் அங்கே அரம் செல்லுமானால் அலகிலே கீறல் விழும். வாலுக்கும் பலகைக்கும் இடையே எப்பொக்சிப் பசையை நிறையப் பூசி ஈரம் புகும் வழியை அடைத்துவிட்டு, பித்தளைத் தறையாணியைச் செருகிச் சிறு சுத்தியலால் நிதானமாகப் பல தட்டுக்களிலே விரி. ஒரே ஓங்கலிலே விரிக்க முயன்றால் பலகை பிளந்துவிடும். அராவும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்.

வார்னிஷ் பூசாதே; அது நனைந்தால் வழுக்கும், நாளடைவிலே உரிந்து இறைச்சியிலே விழும். தேங்காயெண்ணெய் உலராமல் சிக்கடித்து நாறும். உலோகக் கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மறுபூச்சு இடு. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையிலே போடாமல் விரித்து உலர்த்து. சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றுவதுண்டு.

இவையெல்லாம் நிறைவேறிய பின்னர் அலங்காரம் செய்வதானால் தாராளமாகச் செய். கண்டியரசரின் பட்டறைகளிலே வனைந்த பிஹா கெட்ட என்னும் கத்திகளை, 1877இலே திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையிலே ஒருமுறை சென்று பார். ஆனந்த குமாரசுவாமி 1908இலே வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே அத்தகைய கைவினைகளை விரித்துரைத்திருக்கிறார். கொம்பும் வெள்ளியும் கொண்டு அவற்றின் பிடிகளிலே கொடிகள் ஓடும். ஆயினும் அந்தக் கொடிகள் பிடியின் வளைவைக் கெடுக்காமல் அதற்கு அடங்கியே நடக்கும். அலங்காரத்துக்கு உரிய இலக்கணம் அதுவே.

வேலை முடிந்ததும், சவர்க்காரநீரிலே கையை நனைத்துக்கொண்டு வாழைத்தண்டொன்றை வெட்டிப் பரீட்சித்துப் பார். பிடி கையிலே சிறிதேனும் புரண்டால், வெட்கப்படாமல் மறுபடியும் அரத்தை எடு. பெருநாளாகிய பிறை பத்துக்கு முன்பே அந்தப் பரீட்சையிலே அது தேறிவிட வேண்டும். பிராணியின் கழுத்திலே பிடியைப் பரீட்சிக்க நமக்கு உரிமையில்லை. வெட்டிய தண்டின் முகம் நேராக இருந்ததா, கோணியதா என்பதையும் கவனித்து எனக்கு எழுது.

வஸ்ஸலாம்.

உன் சாச்சா