நம்பிக்கைகளும் உண்மைகளும்: முதலில் தன்னம்பிக்கை, பிறகுதான் படிப்பா?

நம்பிக்கை: தன்னம்பிக்கை மட்டும் வந்துவிட்டால் அரியர், இன்டர்வியூ எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

உண்மை: வரிசை பெரும்பாலும் தலைகீழ். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் ஆராய்ந்து எழுதினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, உடலும் மனமும் அப்போதிருக்கும் நிலை ஆகிய நான்கில் முதலாவதுதான் வலுவானது என்றார். ஊக்கமொழி தந்த தெம்பு அடுத்த தோல்வியிலேயே கரைந்துவிடும். கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் பயிற்சிக்கும் இதே கதிதான். உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, தம்மைத் தாழ்வாக எண்ணியவர்களின் மனநிலை, அப்படிச் சொல்லாதவர்களுடையதைவிடத் தாழ்ந்திருந்தது. சொல்லுக்குச் சான்று கேட்கிறது மனம். கணக்கில் அரியர் வைத்திருப்பவருக்கு முழு சிலபஸையும் நினைத்தால் புத்தகத்தைத் திறக்கவே கை வராது. பழைய கேள்வித்தாளை எடுத்து, பார்ட் ஏ-வில் ஒரே ஒரு இரண்டு மார்க் கேள்வியைப் போட்டுப் பார்க்கட்டும். விடை வந்துவிட்டால் அதுவே அந்தச் சான்று.

'மனம் சோர்ந்தவரிடம் எழுந்து செய் என்பது அவரையே குற்றம் சாட்டுவதல்லவா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 8 நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் ஏதோவொரு மனநலச் சிக்கலின் அறிகுறிகள் தெரிந்தன. இத்தனை பேரையும் சோம்பேறிகள் என்று ஒதுக்க முடியாது. மனச்சோர்வுக்கான சிகிச்சையிலும் சிறு செயல்களிலிருந்து தொடங்கும் முறை உண்டு. ஆனால் அங்கே கூடவே ஒரு ஆலோசகர் இருப்பார். 'வேலைவாய்ப்பே குறைவாக இருக்கும்போது கவலைப்படாமல் இருப்பது எப்படி?' என்பது அடுத்த கேள்வி. தன்னம்பிக்கை வேலைகளை உண்டாக்காது. அந்தக் கவலைக்குக் காரணம் வெளியேதான் இருக்கிறது. ஆனால் பிளேஸ்மென்ட் பட்டியல் நம் கையில் இல்லை, இன்று மாலை எழுதக்கூடிய ஒரு மாதிரித் தேர்வு நம் கையில் இருக்கிறது.

சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் படிப்பும் குலைந்தால், தன்னம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.