உமிழ்நீர் என்னும் ஊற்று

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது நம் முன்னோர் வாக்கு. அப்படி மென்று தின்ன நமக்குத் துணை நிற்பது உமிழ்நீர். காதருகிலும், தாடையின் கீழும், நாக்கின் அடியிலும் அமைந்த மூன்று இணைச் சுரப்பிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இதனைச் சுரக்கின்றன. இதில் 99 விழுக்காடு வெறும் நீரே. எஞ்சிய சிறு பகுதியில்தான் மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியும், கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும், பல்லுக்கு உறுதி தரும் கால்சியமும் அடங்கியுள்ளன.

இவ்வூற்று குறைந்தால் என்ன துன்பம் என்பதை டயாலிசிஸ் செய்துகொள்வோர் நன்கறிவர். சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தால் தூய்மை செய்வதே டயாலிசிஸ். 1943-இல் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் இதற்கான கருவியை உருவாக்கினார். நம் நாட்டில் 1961-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சிகிச்சை தொடங்கியது.

நல்ல சிறுநீரகம் இரவு பகல் உழைக்கும். இயந்திரமோ வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள், சில மணி நேரமே உழைக்கும். இடைப்பட்ட நாள்களில் பருகும் நீர் உடலிலேயே தங்கிவிடும். எனவேதான் மருத்துவர் நீரை அளந்து பருகச் சொல்கிறார். காப்பி, மோர், ரசம், கஞ்சி யாவும் அந்த அளவில் அடங்கும்.

நீர் குறைவதாலும், சுரப்பிகள் தளர்வதாலும், சில மருந்துகளாலும் இவர்களுள் பலருக்கு வாய் உலர்ந்துபோகிறது. வாய் உலர்ந்தால் தாகம். தாகத்தால் அளவு மீறிய நீர். அதனால் கால் வீக்கம், மூச்சுத்திணறல், இதயத்துக்குப் பெருஞ்சுமை. வறண்ட வாய் உயிருக்கே ஊறு செய்யும் வழி இதுதான்.

மற்றொரு தொல்லையும் உண்டு. இரத்தத்தில் மிகுந்த யூரியா உமிழ்நீரிலும் கலக்கிறது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூச்சில் ஒருவித நெடி, நாவில் உலோகச் சுவை, உணவில் வெறுப்பு ஆகியவை தோன்றுகின்றன. பற்களில் காறையும் விரைவில் படிகிறது. சுண்ணாம்புக்கல் பூமியான நம் ரெட்டிபாளையத்தில் வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்போம். பற்காறையும் அதுபோல் உமிழ்நீரின் கால்சியம் படிந்து இறுகுவதே. அதன் ஓரத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசியும்.

இவற்றுக்கு எளிய வழிகள் உள்ளன:

1. தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். சிறு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கலாம். அதனையும் நீர்க்கணக்கில் சேர்க்க வேண்டும்.
2. சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்றால் உமிழ்நீர் ஊறும்.
3. ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்றவற்றின் உப்பு தாகத்தைத் தூண்டும், தவிர்க்க வேண்டும். இளநீரிலுள்ள பொட்டாசியம் இவர்களுக்குத் தீங்கு செய்யலாம்.
4. மென்மையான பிரஷ்ஷினால் காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். புகையிலை வேண்டவே வேண்டாம்.
5. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் தருவதுண்டு. ஆகவே பல் பிடுங்குவதை அன்று வைத்துக்கொள்ளாமல், சிறுநீரக மருத்துவரைக் கேட்டு மறுநாள் செய்துகொள்வது நலம். வலி மாத்திரையையும் அவரைக் கேளாமல் விழுங்கலாகாது.

தோழியரே, வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது நம் பண்பு. ஆனால் தாத்தாவோ அத்தையோ டயாலிசிஸ் செய்துகொள்பவரானால், "இன்னும் கொஞ்சம் குடியுங்கள்" என்று அன்பினால் வற்புறுத்துவதும் அவர்களுக்கு இடராகிவிடும். காலையிலேயே அன்றைய நீரை ஒரு பாட்டிலில் அளந்து வைப்போம். சிறு தம்ளரில் ஊற்றித் தருவோம். வாய் கொப்பளிக்கக் கிண்ணத்தை எடுத்து வந்து அருகில் அமர்வோம். தாகத்தைப் பொறுத்திருப்பவருக்கு நம் துணையும் ஒரு மருந்தே.